ஒரே நான்கு வினாடியை ஐந்து விதமாகச் செய்து பாருங்கள்: கிளே அனிமேஷன் எங்கே வேறுபடுகிறது

"கிளே அனிமேஷனுக்கும் மற்ற அனிமேஷனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பவர்களுக்கு நான் வாயால் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு களிமண் உருண்டையையும் ஒரு பென்சிலையும் கையில் கொடுத்து, "இந்த நான்கு வினாடிக் காட்சியை எல்லா விதத்திலும் ஒரு முறை செய்து பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிடுவேன். திரும்பி வரும்போது அவர்களுக்கே பதில் தெரிந்திருக்கும். அந்தப் பயிற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காட்சி இதுதான். தரையில் ஓர் உருண்டை கிடக்கிறது. ஏதோ சத்தம் கேட்டு அதிலிருந்து ஒரு கழுத்து முளைத்து மேலே எழுகிறது. முகம் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது. பயந்துபோய், பொசுக்கென்று மறுபடியும் உருண்டையாகிவிடுகிறது. அவ்வளவுதான்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைத்தால் வினாடிக்கு 12 படம் போதும். கண் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் நான்கு வினாடிக்கு 48 படம். ஒரு தாளில் 1 முதல் 48 வரை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை உருண்டை சும்மா கிடக்கிறது. 7 முதல் 18 வரை எழுகிறது. 24 வரை அப்படியே நிற்கிறது. 25 முதல் 34 வரை திரும்புகிறது. 42 வரை பார்க்கிறது, நடுவில் ஒரு முறை கண் சிமிட்டுகிறது. 43 முதல் 46 வரை உள்ளே அமுங்குகிறது. கடைசி இரண்டில் அடங்குகிறது. எந்த முறையில் செய்தாலும் இந்தத் தாள் மாறக் கூடாது. அப்போதுதான் வித்தியாசம் முறையில் இருக்கிறதா, உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் பென்சில்

நான் ஓவியத்திலிருந்து வந்தவன். வரைந்து செய்யும் அனிமேஷனில் ஆறு வருடம் வேலை செய்த பிறகுதான் களிமண்ணைத் தொட்டேன். அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

வரையும்போது 1, 2, 3 என்று வரிசையாகப் போக வேண்டியதில்லை. முக்கியமான நிலைகளை முதலில் வரைந்துகொள்ளலாம்: உருண்டையாக 1, முழுதாக எழுந்து நிற்கும் 18, திரும்பிய முகம் 34, மறுபடி உருண்டையாக 48. இவற்றைக் கீ ஃப்ரேம் என்பார்கள். பிறகு இடையில் வருவதை நிரப்பிக்கொண்டே போகலாம். 29 சரியில்லை என்றால் 29-ஐ மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைந்தால் போதும், 28-உம் 30-உம் அப்படியே இருக்கும். வரைபவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வசதி இதுதான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தாளில் கனம் கிடையாது. தலை 40 படத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிவிடும், கழுத்து நீண்டுவிடும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். முகம் திரும்பும்போது மூக்கு எங்கே வரும், தூரத்துக் கன்னம் எவ்வளவு மறையும் என்பதை ஒவ்வொரு முறையும் மனத்தில் சுற்றிப் பார்த்து வரைய வேண்டும். வெளிச்சமும் நிழலும் தானாக விழாது, அதையும் நாம்தான் வரைய வேண்டும்.

வெட்டிய காகிதம்

அடுத்து அதே காட்சியைக் காகிதத் துண்டுகளால் செய்யுங்கள். தலை, கழுத்து, உடம்பு என்று வெட்டி, மேலே இருந்து கீழே பார்க்கும்படி கேமராவைப் பொருத்தி, துண்டுகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுக்க வேண்டும். ஜெர்மன் அனிமேட்டர் லொட்டே ரைனிகர் கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் கட்டி, நிழலுருவங்களாகவே ஒரு முழுநீளப் படத்தை 1926-இல் முடித்தார். அப்படி ஒரு பெருமை இந்த முறைக்கு உண்டு.

உங்கள் உருண்டையிலிருந்து கழுத்து எழுவது காகிதத்தில் மிகச் சுலபம். உடம்புக்குப் பின்னால் ஒளித்து வைத்த துண்டை மேலே தள்ளிக்கொண்டே வந்தால் போதும். ஆனால் 25-ஆம் படம் வந்ததும் நின்றுவிடுவீர்கள். தட்டையான தலை எப்படித் திரும்பும்? முக்கால் முகம், பக்க முகம் என்று தனித்தனியாக வெட்டி மாற்றி வைத்தால்தான் உண்டு. காகிதம் நகரும், சுழலும், திரும்பாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், களிமண்ணுக்கு வரும்போது பயன்படும்.

கணினி

பிளெண்டர் போன்ற ஒரு முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் செய்துபாருங்கள். இங்கே நீங்கள் 48 படம் செய்ய மாட்டீர்கள். ஐந்தாறு இடங்களில் கீ ஃப்ரேம் வைப்பீர்கள். நடுவில் உள்ளதைக் கணினியே கணக்குப் போட்டு நிரப்பிவிடும். வேகம் பிடிக்கவில்லையா, வரைபடத்தில் ஒரு வளைகோட்டை இழுத்துவிட்டால் போதும். கேமரா வேறு பக்கம் இருந்திருக்கலாம் என்று தோன்றினால் எல்லாம் முடிந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். வேகமாக அசையும் இடத்தில் படம் லேசாகக் குழம்பித் தெரிய வேண்டுமென்றால் அதையும் அதுவே சேர்த்துத் தரும்.

ஆனால் உருண்டையிலிருந்து இல்லாத கழுத்து முளைப்பது கணினியில் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. அந்த உருவம் புள்ளிகளை இணைத்துப் பின்னிய ஒரு வலை. எந்தப் புள்ளி எங்கே போகும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு வலையைப் பின்னியிருக்க வேண்டும். களிமண்ணில் விரலால் ஒரு இழு இழுத்தால் வருவது இங்கே அரை நாள் தயாரிப்பு. இன்னொன்று, கணினி நிரப்பும் அசைவு வழுவழுவென்று இருக்கும். அதில் உயிர் வர வேண்டுமென்றால் அந்த வழுவழுப்பைக் கலைக்க மறுபடி உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். நல்ல அனிமேட்டர்கள் அதைச் செய்கிறார்கள். முறை தானாகத் தருவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பொம்மை

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொருளைக் கொஞ்சம் நகர்த்திப் படமெடுக்கும் எல்லாமே ஸ்டாப் மோஷன்தான். அதற்குள் கிளே ஒரு கிளை. ஸ்டாப் மோஷனைப் பார்த்தவுடன் "கிளே படம்" என்று சொல்லிவிடுகிறோம், அது சரியல்ல. 1933-இல் வந்த கிங் காங் படத்தின் குரங்கு உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரும் ரோமமும் போர்த்திய பொம்மை. கூர்ந்து பார்த்தால் ரோமம் காற்றில் அலைவதுபோல் துடித்துக்கொண்டே இருக்கும். அது காற்று இல்லை, அனிமேட்டரின் விரல் பட்ட இடம். இன்றைய பொம்மைப் படங்கள் சிலவற்றில் முகத்தை முப்பரிமாணத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு முகத்தைக் கழற்றி மாட்டுகிறார்கள். அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் களிமண் இல்லை.

பொம்மையின் குணம், அது தன் உருவத்தை விட்டுக்கொடுக்காது. மூட்டு மடங்கும், அவ்வளவுதான். நம் காட்சியைப் பொம்மையில் செய்யப் போனால் திரும்புவது, பார்ப்பது எல்லாம் அருமையாக வரும். உருண்டையாவது மட்டும் வரவே வராது. அதற்கு வேறு வேறு பொம்மைகள் செய்து மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

"கிளேமேஷன்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை எல்லோரும் பொதுப்பெயராகப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது அமெரிக்க அனிமேட்டர் வில் வின்டன் தன் படங்களுக்காக வணிகக் குறியீடாகப் பதிவு செய்த பெயர். அவரும் பாப் கார்டினரும் சேர்ந்து களிமண்ணில் செய்த குறும்படம் 1975-இல் ஆஸ்கர் வாங்கியது.

இனி களிமண்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். மற்ற நான்கையும் முடித்துவிட்டு உட்கார்ந்தால்தான் இது புரியும். களிமண்ணில் 30-ஆம் படத்தை எடுக்க வேண்டுமென்றால் 29-ஆம் நிலையை நீங்கள் அழித்தாக வேண்டும். தாளில் 29 ஒரு தாளாக இருக்கிறது. கணினியில் ஒரு எண்ணாக இருக்கிறது. பொம்மையைக்கூட ஏறக்குறைய 29-இன் நிலைக்குத் திரும்ப மடக்கிவிடலாம். களிமண்ணில் 29 இருந்த இடத்தில்தான் 30 இருக்கிறது. 29 இப்போது உலகத்தில் எங்கும் இல்லை, கேமராவுக்குள் ஒரு படமாக மட்டும் இருக்கிறது. கிளே அனிமேஷனின் எல்லாக் கஷ்டமும் எல்லா அழகும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன என்பது என் நம்பிக்கை. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு தயாரிப்பும் இதற்காகத்தான்.

முதலில் மண். ஆற்று மண்ணோ குயவர் மண்ணோ வேண்டாம். தண்ணீர் கலந்த மண் விளக்கு வெளிச்சத்தில் காய்ந்து வெடித்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள பிளாஸ்டிசின் வகைதான் வேண்டும். வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் தன் மாணவர்களுக்குக் காய்ந்துபோகாத மண் வேண்டும் என்று தேடி 1897-இல் இங்கிலாந்தில் உருவாக்கியது அது. அவருக்கு அனிமேஷன் மனத்தில் இருந்திருக்காது. ஆனால் நாள் கணக்கில் ஈரம் போகாமல், விரல் சொன்னபடி கேட்டு, விட்ட இடத்தில் நிற்கும் ஒரு பொருள் இல்லாவிட்டால் இந்தக் கலைக்கு வழியே இல்லை.

புதிதாகப் பிரித்த மண் கட்டியாக இருக்கும். பத்து நிமிடமாவது பிசையுங்கள். வெள்ளையையும் மஞ்சளையும் முதலில் பிசைந்து மூடி வைத்துவிட்டு, கடைசியில் சிவப்பையும் கறுப்பையும் எடுங்கள். மாற்றிச் செய்தால் வெள்ளை அழுக்காகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பக்கத்தில் ஈரத் துடைப்பான் இருக்கட்டும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் கை துடையுங்கள். பஞ்சு உதிரும் சட்டை, கம்பளி எதுவும் அன்றைக்கு வேண்டாம். களிமண் காந்தம்போல நூல் துகளை இழுத்துக்கொள்ளும், அந்தத் துகள் பெரிய திரையில் மரக்கிளை மாதிரித் தெரியும்.

உருண்டையை உருட்டியதும் எடை போட்டு எழுதி வையுங்கள். நான் எப்போதும் செய்வது இது. தொடத் தொட மண் விரலில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒரு நீளமான காட்சியின் முடிவில் பாத்திரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக நிற்கும். இடையில் நிறுத்தி எடை பார்க்க முடியாது என்பதால், தொடங்கும்போதே அதே நிறத்தில் கடுகளவு உருண்டைகள் பத்துப் பதினைந்து செய்து தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த மாதிரித் தெரியும் இடத்தில், அதுவும் கேமராவுக்குத் தெரியாத முதுகுப்புறத்தில், ஒன்றை அழுத்திச் சேர்த்துவிடலாம்.

எலும்புக்கூடு வேண்டுமா என்று கேட்பீர்கள். இந்தக் காட்சிக்கு வேண்டாம். கை கால் வைத்து நிற்கும் மனிதன் என்றால் இரண்டு அலுமினியக் கம்பிகளை முறுக்கி உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் தாங்காது. ஆனால் உள்ளே கம்பி வந்துவிட்டால் அந்த உருவம் இனி உருண்டையாக முடியாது. கம்பி இருந்தால் நிற்கும், உருமாறாது. கம்பி இல்லாவிட்டால் கூடு விட்டுக் கூடு பாயும், நிற்காது. ஒவ்வொரு கிளே படமும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் கதைக்கு எது தேவை என்பதை மண்ணைப் பிசைவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

உருண்டையை மேசையில் சும்மா வைத்தால் முகத்தைத் திருப்பும்போது அடியும் சேர்ந்து திரும்பிவிடும். ஒரு மரப்பலகையில் அடியிலிருந்து ஒரு திருகாணியை ஏற்றி, அதன் மேல் உருண்டையை அழுத்திப் பொருத்துங்கள். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

கேமராவும் வெளிச்சமும்

நல்ல கைபேசியே போதும். ஸ்டாப் மோஷனுக்கென்றே செயலிகள் இருக்கின்றன. முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும் வசதி அவற்றில் இருக்கும், ஆனியன் ஸ்கின் என்பார்கள். முதல் வேலையாக எல்லா ஆட்டோவையும் நிறுத்துங்கள்: ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவிட வேண்டும். கேமராவாக இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எல்லாம் மேனுவலில். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். 40-ஆம் படத்தில் யாராவது அழைத்தால் அதிர்வு ஒன்று போதும். பொத்தானை விரலால் அழுத்தாமல் ரிமோட்டில் படமெடுங்கள். ட்ரைபாடின் மூன்று கால்களையும் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள்.

ஜன்னலை முழுக்க அடையுங்கள். என் முதல் களிமண் காட்சியில் ஒரு பக்கத் திரைச்சீலையை நான் சரியாக மூடவில்லை. செய்யும்போது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தபோது மேகம் போய் வந்த ஒவ்வொரு நேரமும் முகத்தில் தெரிந்தது. மூன்று மணி நேர வேலை ஐந்து வினாடியில் படபடவென்று மின்னியது. அன்றிலிருந்து கறுப்புத் துணி கட்டாமல் மேசையில் உட்காருவதில்லை. சட்டையும் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் நின்றால், சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பாத்திரத்தின் கன்னத்தில் ஏறி இறங்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்துக்குத் தள்ளிப் போய் நின்றுகொண்டு ரிமோட்டை அழுத்துவது நல்ல பழக்கம்.

இரண்டு மேசை விளக்கு போதும். சூடாகும் பல்பு வேண்டாம், மண் இளகிக் கழுத்து சரியும். எல்இடி வாங்கும்போது துடிப்பு இல்லாததாகப் பாருங்கள். இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்ற படப்பிடிப்புகளில் அது கிடைக்காது: நம் நடிகர் அசைவதே இல்லை. அதனால் ஷட்டரை 1/10 வினாடி, 1/5 வினாடி என்று மெதுவாக வைக்கலாம். வீட்டு மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு நூறு முறை துடித்தாலும், ஒரு படத்துக்குள் பல துடிப்புகள் கலந்து சமமாகிவிடும்.

அசையாத நடிகர் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. சாதாரண சினிமாவில் கை வீசினால் அந்த ஃப்ரேமில் கை குழம்பித் தெரியும். நம்மிடம் ஒவ்வொரு படமும் கல்வெட்டுபோலத் தெளிவாக இருக்கும். களிமண் அசைவில் வரும் அந்தத் துள்ளலுக்கு இது ஒரு பெரிய காரணம். அதைக் குறை என்று நினைத்து மென்பொருளில் குழப்பிவிடாதீர்கள்.

பத்துப் படத்தில் ஒரு தலை திரும்புகிறது

எழும் பகுதியில் ஒரே ஒரு விதி: கழுத்துக்கான மண் உடம்பிலிருந்தே வர வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் அடியிலிருந்து மேலே வழித்துக்கொண்டே போங்கள். கழுத்து உயர உயர உடம்பு ஒல்லியாக வேண்டும். வெளியிலிருந்து மண் எடுத்து ஒட்டிக்கொண்டே போனால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏமாற்றம் தட்டும்; கனம் எங்கிருந்தோ வருகிறது என்பதைக் கண் கண்டுபிடித்துவிடும்.

இப்போது 25. தலை குறுக்கே 4 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால் வட்டம் திரும்ப மூக்கு ஏறத்தாழ 31 மி.மீ. பயணம் செய்ய வேண்டும். பத்துப் படம் இருக்கிறது என்று தலா 3 மி.மீ. நகர்த்தினால் இயந்திரம் திரும்புவதுபோல் இருக்கும். நான் இப்படிப் பிரிப்பேன்: 1, 2, 3, 4, 5, 6, 4, 3, 2, 1. தொடக்கத்தில் தயக்கம், நடுவில் வேகம், முடிவில் அடக்கம். நடுவில் 29, 30-இல் மோவாய் ஒரு மி.மீ. கீழே இறங்கி மறுபடி எழட்டும். எந்த உயிரும் கோடு போட்ட மாதிரித் திரும்புவதில்லை.

ஒரு மில்லிமீட்டரை எப்படி அளப்பது? ஆனியன் ஸ்கின் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் ஒரு வழியை இன்னமும் நான் விடவில்லை. ஒரு கட்டி மண்ணில் பல்குத்தும் குச்சியை நட்டு, அதன் நுனி மூக்கின் நுனியைத் தொடும்படி பக்கத்தில் வையுங்கள். பிறகு தலையைத் திருப்புங்கள். நுனிக்கும் மூக்குக்கும் விழும் இடைவெளிதான் நீங்கள் நகர்த்திய அளவு. கண் தப்பாகச் சொல்லலாம், குச்சி சொல்லாது. பார்த்துவிட்டுக் குச்சியை வெளியே எடுங்கள், அப்புறம் படமெடுங்கள். எடுத்தேனா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது என் வழக்கம்.

தலையைப் பிடிக்கும் விதமும் முக்கியம். முகத்தைப் பிடித்துத் திருப்பினால் கன்னம் நசுங்கும். பின்மண்டையில் இரண்டு விரல், கழுத்தின் அடியில் மற்றொரு கையின் இரண்டு விரல். தலை திரும்பும்போது கழுத்து லேசாக முறுக்கிக்கொள்வதை விரலில் உணரலாம். அந்த முறுக்கு கழுத்தில் மெல்லிய மடிப்பாக விழும். அதை நீவிவிட வேண்டாம். வரைபவர் யோசித்து வரைய வேண்டிய மடிப்பு, கணினியில் தனியாகச் செய்ய வேண்டிய மடிப்பு, இங்கே கேட்காமலே கிடைக்கிறது.

கண்ணுக்குத் துளையுள்ள வெள்ளை மணி போதும். துளைதான் கருவிழி. குண்டூசி முனையைத் துளைக்குள் விட்டு மணியைச் சுழற்றினால் பார்வை மாறும், முகத்தைத் தொடவே வேண்டாம். தலை திரும்புவதற்கு இரண்டு படம் முன்னதாகவே, அதாவது 23-இலேயே, கண் திரும்பத் தொடங்கட்டும். இந்த ஒரு சின்ன விஷயம் மண்ணை யோசிக்கும் உயிராக மாற்றிவிடும். சிமிட்டுவதற்கு உடம்பின் நிறத்தில் மெல்லிய இமைகள் செய்து தயாராக வையுங்கள்: பாதி மூடியது, முழுதாக மூடியது, மறுபடி பாதி. மூன்று படம், கால் வினாடி. அது போதும்.

43-இல் பயம். நேராக உள்ளே போகவிடாதீர்கள். அந்த ஒரு படத்தில் தலை இன்னும் கொஞ்சம் மேலே எழும்பட்டும், அடுத்த மூன்றில் சரசரவென்று அமுங்கட்டும். 46-இல் உருண்டை கொஞ்சம் தட்டையாக, 47-இல் கொஞ்சம் உயரமாக, 48-இல் தன் பழைய உருவத்தில். மேலே அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குவது களிமண்ணின் பிறவிக்குணம். வரைபவர்கள் பயிற்சி செய்து கற்றுக்கொள்ளும் அந்த நசுங்கலும் இழுபடலும் இங்கே பொருளிலேயே இருக்கிறது.

விரல் ரேகை

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ரேகையை அழிக்காதீர்கள். ஒவ்வொரு படத்திலும் ரேகை இடம் மாறுவதால் தோல் கொதிப்பதுபோல் லேசாகத் துடிக்கும். ஒரு துளி எண்ணெய் தடவி நீவினால் வழுவழுப்பாகும், உண்மைதான். ஆனால் அடுத்த படத்தில் அதே பளபளப்பு வராது, மினுமினுப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைவிட ரேகை நேர்மையானது. ஒரு மனிதன் ஒவ்வொரு கணத்திலும் தொட்டிருக்கிறான் என்பதை வேறு எந்த அனிமேஷனும் இப்படி வெளிப்படையாகக் காட்டுவதில்லை. அழுக்கும் நூலும் வேறு, அவற்றை ஊசி முனையால் எடுத்துவிடுங்கள்.

களிமண் என்றால் உருண்டையும் பொம்மையும் மட்டுமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடித் தட்டில் மண்ணை வண்ணம்போலத் தேய்த்து ஓவியத்தையே அசைய வைப்பவர்கள் இருக்கிறார்கள். பல நிற மண்ணைத் திட்டமிட்டு நீளமான கட்டியாக அடுக்கி, அதை மெல்லிய சீவல்களாக வெட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு வெட்டு முகத்தையும் படமெடுக்கும் ஸ்ட்ராட்டா கட் என்ற முறையும் இருக்கிறது. முழு அசைவும் கட்டிக்குள் முன்பே ஒளிந்திருக்கும். இவை அடுத்த கட்டம். முதல் படத்திலேயே அகலக்கால் வைக்க வேண்டாம். நடையும் அப்படித்தான்; ஒவ்வொரு அடியிலும் பாத்திரம் ஒற்றைக் காலில் நின்றாக வேண்டும், பாதத்தைத் தரையோடு திருகாணியிலோ காந்தத்திலோ கட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் திரும்பிப் பார்க்கும் காட்சிகள் நான்கைந்து செய்துவிட்டு அதற்குப் போங்கள்.

இடையில் தப்பு நடந்தால்

நடக்கும். பெரிய ஸ்டுடியோக்களில்கூட ஓர் அனிமேட்டர் ஒரு நாளில் சில வினாடிகள்தான் முடிக்கிறார். அவ்வளவு நேரத்தில் எங்காவது முழங்கை இடித்துவிடும். மேசை அசைந்துவிட்டால் கிளாம்பைத் தளர்த்தி ஆனியன் ஸ்கின்னைப் பார்த்து மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுதாக வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு சிமிட்டலை வைத்துவிடுங்கள், பார்ப்பவரின் கவனம் இமைக்குப் போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால் கேமராவை வேறு கோணத்துக்கு மாற்றி அங்கிருந்து புதிய ஷாட்டாகத் தொடருங்கள். எதுவாக இருந்தாலும் 29-க்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்ய முயலாதீர்கள். அப்படிச் செய்த 29, பழைய 28-ஓடு ஒட்டாது.

எடிட்டிங்கில் ஒரு படத்தை இரட்டிப்பாக்கி நேரத்தை நீட்டலாம், ஒன்றை எடுத்துவிட்டுச் சுருக்கலாம். எடுக்காத ஒரு படத்தை நடுவில் செருக முடியாது. அதனால் சந்தேகம் வரும் இடத்தில் கொஞ்சம் குறைவாக நகர்த்தி ஒரு படம் கூடுதலாகவே எடுங்கள்.

ஒரு ஷாட்டை ஒரே அமர்வில் முடிக்கப் பாருங்கள். இந்த 48 படத்துக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். முதல் முறை செய்பவருக்கு நான்கு மணி நேரம்கூட ஆகலாம். இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் வந்தால் கழுத்து ஒரு மயிரிழை இறங்கியிருக்கும், அந்த ஒட்டு படத்தில் தெரியும். நடுவில் ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து, மேலெல்லாம் நீர்ப்பூச்சு படிந்துவிடும்.

48-ஐ எடுத்த பிறகு கையை எடுங்கள். எதையும் தொடாமல் அதே நிலையில் இன்னும் ஒரு பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் அது தேவைப்படும். பிறகு விளக்கையும் அணைக்காமல், கிளாம்பையும் கழற்றாமல், மொத்தத்தையும் வினாடிக்கு 12 என்று ஓட்டிப் பாருங்கள். ஏழெட்டு முறை பாருங்கள். போதும் என்று உறுதியான பிறகுதான் அந்த உருண்டையைத் திருகாணியிலிருந்து கழற்ற வேண்டும்.